டாலர்னு தேடுனா பனியன் வருது: கரன்சி ஃப்யூச்சர் சிம்பல் தேடுன அனுபவம், ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், ஆப் பேர போடல. ப்ரோக்கர் பேர கேட்டு மெசேஜ் பண்ணாதீங்க. இதே கூத்த வேற ரெண்டு ஆப்லயும் பாத்துட்டேன், அதனால ஒருத்தன் தலைய மட்டும் உருட்டறது நியாயம் இல்ல. இன்னொண்ணு, சிம்பல், அதாவது ஆப்ல ஒவ்வொரு கான்ட்ராக்ட்டுக்கும் வெச்சிருக்கற சுருக்கப் பேரு, எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல தான் இருக்கும், நான் இங்க தமிழ்லயே எழுதறேன், வாய்விட்டு படிச்சீங்கன்னா புரிஞ்சுடும்.

நான் திருப்பூர்ல ஒரு சின்ன எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ட்ரேடர் எல்லாம் இல்லீங்க, ஷேர் மார்க்கெட் பக்கம் தல வெச்சு படுத்ததில்ல. பையர் டாலர்ல பில் போட சொல்லுவான், சரக்கு போய் 60 நாளு 90 நாளு கழிச்சு பணம் வரும், அதுக்குள்ள டாலர் இறங்கிருச்சுன்னா லாபத்துல பாதி அங்கயே போயிரும். அதுக்கு பேங்க்ல ஃபார்வர்ட் போடறது, அதாவது பின்னாடி வரப்போற டாலருக்கு இப்பவே ரேட் பேசி வெக்கறது, தான் வழக்கம். ஆனா எங்கள மாதிரி சின்ன பார்ட்டிக்கு பேங்க்காரங்க குடுக்கற ரேட் இருக்கே... எங்க மொதலாளி ஒருநா கேட்டாரு, "ஏப்பா, டிவில ஒரு ரேட்டு ஓடுது, பேங்க்ல ஒரு ரேட்டு சொல்றாங்க, நடுவால இருக்கற காசு யாரு வூட்டுக்கு போகுது?" அப்பறம் அவரே யாரோ ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு வந்து, எக்ஸ்சேஞ்சுலயே டாலர் ஃப்யூச்சர் (பின்னாடி ஒரு தேதிக்கு இப்பவே ரேட் பேசற கான்ட்ராக்ட்) விக்கலாமாம், ரேட் எல்லாருக்கும் தெரியற மாதிரி ஸ்கிரீன்லயே ஓடுமாம், அக்கவுண்ட் ஓப்பன் பண்ணுன்னுட்டாரு. 2024 அக்டோபர்ல ஓப்பன் பண்ணோம்.

அக்கவுண்ட் ஓப்பன் ஆனது ஒரு தலவலியும் இல்ல, அதுக்கு முழு மார்க்கு. கரன்சி செக்மெண்ட் ஆக்டிவேட் பண்ண மட்டும் ஒரு டிக்லரேஷன் கேட்டாங்க. 2024 ஜனவரி 5ஆம் தேதி ரிசர்வ் பேங்க் ஒரு சர்க்குலர் போட்டுச்சு, ரூபாய் சம்பந்தப்பட்ட கரன்சி கான்ட்ராக்ட்ல கை வெக்கறவங்களுக்கு நெஜமாவே வெளிநாட்டு கரன்சில வரவோ செலவோ இருக்கணும்னு. ஏப்ரல்ல அமலாக வேண்டியது, மே 3க்கு தள்ளிப்போச்சு. 10 கோடி டாலர் வரைக்கும் பேப்பர் காட்ட வேண்டாம், ஆனா அந்த வரவு செலவு, அவங்க பாஷைல எக்ஸ்போஷர், இருந்தே ஆகணும். எங்களுக்கு அது இருக்கு, ஷிப்பிங் பில்லு அடுக்கடுக்கா கெடக்கு, அதனால கையெழுத்து போட்டாச்சு. சும்மா ஏறுமா இறங்குமான்னு ஆடிட்டு இருந்த ஆளுங்க எல்லாம் அந்த சமயத்துல கெளம்பிட்டாங்க, மார்க்கெட்டும் நல்லாவே வத்திப்போச்சு. இது ஏன் சொல்றேன்னா பின்னாடி வேணும்.

சரி, இப்ப விஷயம். ஆப்ப தொறந்து மேல இருக்கற சர்ச் பாக்ஸ்ல "டாலர்"னு அடிச்சேன். என்ன வந்துச்சு தெரியுமா, டாலர் இண்டஸ்ட்ரீஸ். பனியன் ஜட்டி விக்கற கம்பெனி ஷேரு! என்எஸ்இல அதோட சிம்பலே டாலர் தான். திருப்பூர்ல உக்காந்துட்டு டாலர தேடுனா மறுபடி பனியனே வந்து நிக்குது, மொதலாளி சிரிச்ச சிரிப்புல டீ கொட்டிருச்சு. "யூரோ"ன்னு அடிச்சா யூரோ இந்தியா ஃப்ரெஷ் ஃபுட்ஸ், சிப்ஸ் கம்பெனி. ஆக பேச்சு வழக்குல இருக்கற பேர அடிச்சா இந்த பாக்ஸுக்கு ஒண்ணும் புரியாது, மூணு மூணு எழுத்தா ரெண்டு கரன்சிய ஒட்டி அடிக்கணும். டாலர்-ரூபாய்க்கு யூஎஸ்டிஐஎன்ஆர், யூரோவுக்கு ஈயூஆர்ஐஎன்ஆர், பவுண்டுக்கு ஜிபிபிஐஎன்ஆர், ஜப்பான் யென்னுக்கு ஜேபிஒய்ஐஎன்ஆர். இத யாரும் சொல்லி தரல, யூட்யூப்ல யாரோ ஒரு தம்பி வீடியோல பின்னாடி ஸ்கிரீன்ல தெரிஞ்சத பாத்து நான் கத்துக்கிட்டது.

யூஎஸ்டிஐஎன்ஆர்னு அடிச்ச ஒடனே கெடச்சிருச்சுன்னு நெனச்சா, அப்ப தான் கத ஆரம்பிக்குது. லிஸ்ட்டு வருது, வருது, வந்துட்டே இருக்கு. பூராவும் ஆப்ஷன், அதாவது ஒரு ரேட்டுல வாங்கற உரிமை (சிஇ) இல்ல விக்கற உரிமை (பிஇ) மட்டும் தர்ற வேற வகை கான்ட்ராக்ட். 84 சிஇ, 84.25 சிஇ, 84.5 பிஇ அப்படின்னு கால் ரூபாய்க்கு ஒண்ணா, வாரத்துக்கு ஒண்ணு மாசத்துக்கு ஒண்ணுன்னு, கட்டைவெரல் தேயற வரைக்கும் தள்ளுனேன், ஃப்யூச்சர காணோம். கடைசில எஃப்யூடின்னு சேத்து அடிக்கணுமாம். அடிச்சா வந்துச்சு, ஆனா ரெண்டு ரெண்டா வந்துச்சு. ஒரே பேரு, ஒரே மாசம், பக்கத்துல பொடி எழுத்துல ஒண்ணுல சிடிஎஸ், இன்னொண்ணுல பிசிடி. மொதல்ல இருக்கறது என்எஸ்இ கரன்சி செக்மெண்ட், ரெண்டாவது பிஎஸ்இ கரன்சி செக்மெண்ட். நம்ம ஊர்ல 2008 ஆகஸ்ட் 29 அன்னிக்கு என்எஸ்இல தான் மொதமொதல்ல டாலர் ஃப்யூச்சர் ஆரம்பிச்சது, அக்டோபர்ல எம்சிஎக்ஸ்-எஸ்எக்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, பிஎஸ்இல இப்ப இருக்கற கரன்சி செக்மெண்ட் 2013ல வந்தது. அந்த எம்சிஎக்ஸ்-எஸ்எக்ஸ் பேர் மாறி இப்ப எம்எஸ்இஐ. தங்கம் வெள்ளி நடக்கற எம்சிஎக்ஸ் வேற, அங்க போய் டாலர தேடாதீங்க, நான் ஒருநா தேடிட்டேன்.

எந்த எக்ஸ்சேஞ்சு வேணும்னு ஆப் கேக்கவே இல்ல. கண்ணாடி போட்டும் எனக்கு அந்த பொடி எழுத்து தெரியல. நான் ஒரு லாட்டு (1000 டாலர்) டெஸ்ட்டுக்கு வித்தது பிசிடில விழுந்துச்சு. வாங்கறவன் ரேட்டுக்கும் விக்கறவன் ரேட்டுக்கும் நடுவால நல்ல எடைவெளி, கெடச்ச ரேட்டுக்கு விக்கற மார்க்கெட் ஆர்டர் போட்டதால கம்மி ரேட்டுல மாட்டிக்கிச்சு. ஒரு லாட்டு தான், போனது டீ வட செலவு, ஆனா 40 லாட்டா இருந்திருந்தா? இந்த எடத்துல ஒரு ஸ்டார் பிடிச்சிக்கிட்டேன்.

அடுத்த ஸ்டார் போன எடம் குவான்டிட்டி. ஒரு லாட்டுன்னா 1000 டாலர். யூரோவும் பவுண்டும் அதே மாதிரி 1000, யென் மட்டும் 1 லட்சம், ரேட்டு 100 யென்னுக்கு சொல்லுவாங்க. கம்மியா நகர்ந்தா 0.0025 ரூபா, அதாவது கால் பைசா, லாட்டுக்கு 2 ரூபா 50 காசு. இதெல்லாம் ஒழுங்கா படிச்சிட்டு தான் போனேன். ஆனா குவான்டிட்டின்னு காலியா ஒரு கட்டம் இருந்தா 1ன்னு போடறதா 1000ன்னு போடறதா? சில ஆப்ல 1ன்னா ஒரு லாட்டு, சில ஆப்ல 1000ன்னா தான் ஒரு லாட்டு. நான் ஷேர் ஃப்யூச்சர் பழக்கம் உள்ள ஒரு ஃப்ரெண்டு சொன்னத நம்பி 1000ன்னு போட்டுட்டேன், இவங்க ஆப்ல அது 1000 லாட்டு. பத்து லட்சம் டாலர்! எங்க கம்பெனி மொத்தத்தையும் வித்தா கூட அவ்ளோ வராது. மார்ஜின் (கட்டி வெக்கற முன்பணம்) பத்தலைன்னு ஆர்டர் ரிஜெக்ட் ஆச்சு. அக்கவுண்ட்ல காசு கம்மியா இருந்ததுக்கு வாழ்க்கைல மொத தடவ சந்தோஷப்பட்டேன்.

இதெல்லாம் கூட போகட்டும்னு விட்டுடுவேன். டிசம்பர்ல நடந்தது தான் இந்த ரிவ்யூ எழுத வெச்சது.

எங்களுக்கு 40,000 டாலர் பில் ஒண்ணு, டிசம்பர் 31 வாக்குல பணம் வரணும். 40 லாட்டு டிசம்பர் ஃப்யூச்சர் நவம்பர்லயே 84 ரூபா சொச்சத்துல வித்து வெச்சோம். ஆப்ல சிம்பல் எப்படி காட்டுச்சுன்னா யூஎஸ்டிஐஎன்ஆர், அப்பறம் 24, அப்பறம் டிஇசி, அப்பறம் எஃப்யூடி. எடைவெளியே இல்லாம ஒட்டி. மொதலாளி அத பாத்துட்டு, "24 டிசம்பர் வரைக்கும் தானா இது, நமக்கு 31 வேணுமே"ன்னாரு. நான் பெரிய மேதாவி மாதிரி "இல்லீங்க மொதலாளி, 24ன்னா வருசம், டிசம்பர் மாசம் பூரா இருக்கும்"னு சொன்னேன். அவரு சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. 24ங்கறது வருசம் தான், அது வரைக்கும் சரி. ஆனா மாசம் பூரா இருக்காது. இந்த கான்ட்ராக்ட் மாசத்தோட கடைசி வேல நாளுக்கு ரெண்டு வேல நாள் முன்னாடியே முடிஞ்சிடும், அதுவும் மத்தியானம் 12:30க்கே. அந்த மாசம் கடைசி வேல நாளு 31 செவ்வாய், அப்ப 30 திங்கள் ஒண்ணு, சனி ஞாயிற விட்டுட்டு 27 வெள்ளி ரெண்டு. ஆக 27ஆம் தேதி 12:30க்கு எங்க 40 லாட்டும் தானா முடிஞ்சிருச்சு. நான் அப்ப சாப்பாட்டு டப்பாவ தொறந்துட்டு இருக்கேன்.

அந்த 27ஆம் தேதி எப்பேர்ப்பட்ட நாளுன்னு ஃபாரெக்ஸ் பாக்கறவங்களுக்கு தெரியும். ரூபா அன்னிக்கு பகல்ல ஒரு கட்டத்துல 85.80 வரைக்கும் விழுந்துச்சு, அது வரைக்கும் பாக்காத பள்ளம். மாசக் கடைசி டாலர் தேவை, முடியற கான்ட்ராக்ட் எல்லாம் ஒரே நேரத்துல வந்து மோதுனதுன்னு மறுநா பேப்பர்ல போட்டிருந்தாங்க. ஃப்யூச்சர் முடியறப்ப கணக்கு தீக்கறது எஃப்பிஐஎல்ங்கற அமைப்பு சொல்ற ரெஃபரன்ஸ் ரேட்ல, அத காலைல 11:30க்கும் 12:30க்கும் நடுவால நடந்த யாவாரத்த வெச்சு தான் போடறாங்க, அந்த கலவரத்துக்கு நடுவால. நாங்க வித்தவங்க, டாலர் ஏறுனா ஃப்யூச்சர்ல எங்களுக்கு நட்டம், அது பில்லு பணத்துல திரும்பி வந்துரும், அதான ஹெட்ஜு. ஆனா பில்லு பணம் 31 தான் வந்துச்சு. நடுவால நாலு நாளு எந்த காவலும் இல்லாம 40,000 டாலர் அந்தரத்துல தொங்குச்சு. நல்லவேளை அந்த நாலு நாள்ல டாலர் பெருசா இறங்கல. இறங்கியிருந்தா ரெண்டு பக்கமும் அடி வாங்கியிருப்போம். மொதலாளி திட்டல, அது தான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு. "சரி வுடு கண்ணு"ன்னு சொல்லிட்டு போயிட்டாரு.

கஸ்டமர் கேர்ல சாட்ல கேட்டேன், ஏங்க சிம்பல்ல தேதிய போட மாட்டீங்களான்னு. "சார், எக்ஸ்பைரி டேட் கான்ட்ராக்ட் இன்ஃபோல இருக்கு சார்"ன்னு பதில். இருக்கு தான். சிம்பல தொட்டு, மூணு புள்ளிய தொட்டு, கீழ தள்ளி, இன்ஃபோவ தொட்டா இருக்கு. விக்கற பட்டன் மட்டும் ஒரே தொடல்ல வருது பாருங்க.

இதுல இன்னொரு கூத்து, வாராந்திர கான்ட்ராக்ட்டுக்கு மட்டும் தேதி சிம்பல்லயே இருக்கு! அங்க மாசத்த ஒத்த எழுத்தா சுருக்கிடறாங்க. ஜனவரிலருந்து செப்டம்பர் வரைக்கும் 1லருந்து 9, அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. அப்பறம் ரெண்டு எழுத்துல தேதி. ஆக 24டி06ன்னு இருந்தா 2024 டிசம்பர் 6. இது தெரியாம பாத்தா லாட்டரி சீட்டு நம்பர் மாதிரி இருக்கும். மாசக் கான்ட்ராக்ட்டுல தேதி கெடையாது, வாரக் கான்ட்ராக்ட்டுல மாசப் பேர் கெடையாது. யார் யோசிச்சதோ.

இப்ப எனக்கு கெடச்ச பதில சொல்றேன், மத்தவங்களுக்கு உதவும். பணம் எந்த மாசம் வருதோ அந்த மாசத்து சிம்பல் இல்லீங்க நமக்கு வேண்டியது, பணம் வந்ததுக்கு அப்பறமா முடியற சிம்பல். 31 டிசம்பர் பணத்துக்கு நான் வித்திருக்க வேண்டியது 25ஜேஏஎன், அதாவது 2025 ஜனவரி கான்ட்ராக்ட், அது 29ஆம் தேதி வரைக்கும் இருந்துச்சு. பணம் வந்த அன்னிக்கே திருப்பி வாங்கி முடிச்சிருக்கலாம். தூரத்து மாசம்னா ரேட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும், நம்ம ஊர் வட்டி அமெரிக்கா வட்டியவிட அதிகம்ங்கறதால, விக்கற நமக்கு அதுவும் ஒரு லாபம் தான். ஆனா ரொம்ப தூரம் போகாதீங்க. பேருக்கு 12 மாசத்துக்கும் சிம்பல் இருக்கும், தொறந்து பாத்தா மொத ரெண்டு மாசத்த தாண்டி சந்தைல ஆளு இருக்க மாட்டாங்க. சிம்பல் இருக்கறது வேற, ஆளு இருக்கறது வேற. 2024 மே மாசத்துக்கு அப்பறம் இது இன்னும் மோசம்.

ஆப்ப விட்டுட்டு வேற எங்க தேடறதுன்னு ரெண்டு எடம் பாத்தேன். மொதல்ல என்எஸ்இ சைட்டு. அங்க கரன்சி டெரிவேட்டிவ்ஸ் பக்கத்துல ஒட்டி எழுதற வேலயே இல்ல. இன்ஸ்ட்ருமெண்ட் எஃப்யூடிசியூஆர், ஆப்ஷன்னா ஓபிடிசியூஆர், சிம்பல் யூஎஸ்டிஐஎன்ஆர், எக்ஸ்பைரி 27-டிஇசி-2024ன்னு தனித்தனி கட்டத்துல நாள் மாசம் வருசத்தோட இருக்கு. இத டிசம்பர்ல பாத்திருந்தா எனக்கு இந்த பொழப்பு வந்திருக்காது. சொல்லப்போனா எக்ஸ்சேஞ்சுல கான்ட்ராக்ட்டுக்கு பேரே இந்த மூணும் சேந்தது தான், ஒட்டி வெச்ச பேரு ஆப்புக்கு ஆப் மாறுது. இது புரிஞ்சதுக்கு அப்பறம் எந்த ஆப்ப பாத்தாலும் பயம் இல்ல: எந்த எக்ஸ்சேஞ்சு, ஃப்யூச்சரா ஆப்ஷனா, எந்த ஜோடி, எந்த தேதி. இந்த நாலயும் கண்டுபிடிச்சிட்டா அவன் எப்படி ஒட்டி எழுதுனா என்ன.

ரெண்டாவது, இது தான் நெஜமான பொக்கிஷம், ஸ்கிரிப் மாஸ்டர் ஃபைல். சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்காக நெறய ப்ரோக்கருங்க தெனமும் ஒரு ஃபைல் ஓசில குடுக்கறாங்க, அன்னிக்கு யாவாரம் ஆகற எல்லா சிம்பலும் அதுல இருக்கும். எங்க கம்பெனில கம்ப்யூட்டர் பாக்கற தம்பி தான் "அண்ணா, எதுக்கு போன்ல தேடிட்டு, இத எக்ஸெல்ல போட்டு ஃபில்டர் பண்ணுங்க"ன்னு எறக்கி குடுத்தான். ஆயிரக்கணக்குல வரி, பழைய கம்ப்யூட்டர் கொஞ்சம் மூச்சு வாங்கும், வாங்கட்டும். செக்மெண்ட் காலம்ல சிடிஎஸ், டைப் காலம்ல எஃப்யூடின்னு ரெண்டு ஃபில்டர் போட்டேன், மொத்த ஃப்யூச்சரும் ஒரே ஸ்கிரீன்ல அடங்கிருச்சு. ட்ரேடிங் சிம்பல் ஒரு காலம், எக்ஸ்பைரி தேதி ஒரு காலம், டிக் சைஸ் (ரேட்டு கம்மியா நகர்ற அளவு) ஒரு காலம், லாட் சைஸ் ஒரு காலம். அந்த லாட் சைஸ்ல 1 போட்டிருக்கா 1000 போட்டிருக்கான்னு பாத்தா உங்க ப்ரோக்கருக்கு குவான்டிட்டி எப்படி அடிக்கணும்னு ஒரு குறிப்பு கெடச்சிரும், ஆனா அத மட்டும் நம்பாதீங்க, ஒரே ஒரு லாட்டு போட்டு பாத்துக்கங்க. நான் பத்து நாளு போன்ல தேச்சது அங்க ரெண்டு நிமிசத்துல முடிஞ்சிருச்சு. ஒரு எச்சரிக்கை, டோக்கன்னு ஒரு நம்பர் காலம் இருக்கும், அத எழுதி வெச்சிட்டு அடுத்த மாசமும் யூஸ் பண்ணலாம்னு நெனக்காதீங்க, கான்ட்ராக்ட் முடிஞ்சா அந்த நம்பர வேற ஒண்ணுக்கு தூக்கி குடுத்துடுவாங்க. ஃபைலயே தெனமும் புதுசா எறக்கறது தான் முறை. முடிஞ்ச கான்ட்ராக்ட் அதுல இருக்கவே இருக்காது, பழசு வேணும்னா எக்ஸ்சேஞ்சு தெனமும் போடற ரேட் பட்டியல், பவ்காப்பின்னு சொல்லுவாங்க, அதோட பழைய ஃபைல்ல தான் பாக்கணும்.

சார்ட் பாக்கறதுக்கு ட்ரேடிங்வியூ வெச்சிருக்கேன். அங்க கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்த: வெறும் யூஎஸ்டிஐஎன்ஆர்னு போட்டா வர்றது ஸ்பாட் ரேட்டு, அதாவது இப்ப நடக்கற ரேட்டு, ஃப்யூச்சர் இல்ல. பின்னாடி 1ம் ஆச்சரியக்குறியும் போட்டா கிட்ட மாசத்து ஃப்யூச்சர், 2ம் ஆச்சரியக்குறியும் போட்டா அடுத்த மாசம். ஒவ்வொரு மாசமும் தானா அடுத்த கான்ட்ராக்ட்டுக்கு தாவும், அதனால மாசக் கடைசில சார்ட்டுல ஒரு சின்ன குதி தெரியும், டாலர் ஏறிருச்சுன்னு மொதலாளிக்கு போன் போட்டுறாதீங்க. அந்த ஆச்சரியக்குறி பேரு பாக்க மட்டும் தான், ஆர்டர் போட அப்படி ஒரு சிம்பல் எந்த எக்ஸ்சேஞ்சுலயும் கெடையாது.

அங்கயே யூரோ சார்ட்டுக்கு தேடுனப்போ 6இ-ன்னு ஒண்ணு வந்துச்சு. இது சிகாகோல இருக்கற சிஎம்இ எக்ஸ்சேஞ்சோடது. அங்க பெரிய கரன்சிக்கு எல்லாம் முன்னாடி 6 போடறாங்க. யூரோ 6இ, பவுண்டு 6பி, யென் 6ஜே, ஆஸ்திரேலியா 6ஏ, கனடா 6சி, சுவிஸ் ஃப்ராங்க் 6எஸ். 6இ ஒரு கான்ட்ராக்ட்டே 1,25,000 யூரோ, 6ஜே 1 கோடியே 25 லட்சம் யென், நம்ம 1000 டாலர் லாட்டு அவங்களுக்கு சில்லற. சின்னவங்களுக்கு எம்6இ-ன்னு பத்துல ஒரு பங்கு மைக்ரோவும் வெச்சிருக்காங்க. மாசத்த அங்க மூணெழுத்துல எழுத மாட்டாங்க, ஒத்த எழுத்து தான், மார்ச்சுக்கு ஹெச், ஜூனுக்கு எம், செப்டம்பருக்கு யூ, டிசம்பருக்கு இஸட், அதுக்கு பின்னாடி வருசம். ஏன் ஹெச் ஏன் எம்னு கேக்காதீங்க, ஜனவரிக்கு எஃப்ல ஆரம்பிச்சு நடுநடுவுல எழுத்த விட்டுட்டே போறாங்க, மனப்பாடம் பண்றது தான் ஒரே வழி. 6ஜே பாத்தா தலகீழா இருக்கும், ஒரு யென்னுக்கு எத்தன டாலருன்னு. அதனால டாலர்-யென் சார்ட்டு ஏறுனா இது இறங்கும்.

நம்ம ரூபாய்க்கும் அங்க ஒரு சிம்பல் இருக்குங்க, எஸ்ஐஆர். சேத்து படிங்க, சார்! உள்ளூர்ல நாம படாதபாடு படுத்தற ரூபாய்க்கு சிகாகோல சார்னு மரியாத. அதுல சின்னதுக்கு எம்ஐஆர். இத சிங்கப்பூர்ல இருக்கற என் மச்சான்கிட்ட சொன்னேன், "மாமா, இங்க எஸ்ஜிஎக்ஸ்ல அதுக்கு ஐயூ-ன்னு பேரு"ன்னான். துபாய் டிஜிசிஎக்ஸ்ல டிஐஎன்ஆர், நம்ம ஊர்ல ஆரம்பிக்கறதுக்கு ஒரு வருசம் முன்னாடியே, 2007லயே அங்க ரூபா ஃப்யூச்சர் வந்துருச்சு. ஒரே ரூபாய்க்கு ஊருக்கு ஒரு பேரு, அதோட அந்த ஊர்ல எல்லாம் ரூபாய தான் விக்கறாங்க வாங்கறாங்க, இங்க டாலர விக்கறோம் வாங்கறோம், அதனால ஏத்த எறக்கமும் தலகீழ். டாலர் ஏறும்னு நெனச்சு அங்க போய் வாங்குனா நட்டம் தான். நமக்கு அது பாக்கறதோட சரி. இங்க உக்காந்துட்டு ஏதோ வெளிநாட்டு ஆப்ல காசு கட்டி ஃபாரெக்ஸ் பண்றேன்னு எறங்கிராதீங்க, ஃபெமாங்கற அன்னியச் செலாவணி சட்டத்துல அதுக்கு எடமில்ல, ரிசர்வ் பேங்க் 2022 செப்டம்பர்லருந்து அந்த மாதிரி ஆப்பு பேரெல்லாம் அலர்ட் லிஸ்ட்டுன்னு போட்டுட்டே வருது.

இன்னொரு கொழப்பம் சொல்லாம விட்டுட்டேன். என்எஸ்இலயே ஈயூஆர்யூஎஸ்டி, ஜிபிபியூஎஸ்டி, யூஎஸ்டிஜேபிஒய்ன்னு மூணு இருக்கு, 2018 பிப்ரவரில வந்தது. யூரோ பில்லுக்கு ஹெட்ஜு தேடறவங்க ஆப்ல ஈயூஆர்னு அடிச்சா இதுவும் ஈயூஆர்ஐஎன்ஆரும் கலந்து வரும். இது யூரோவுக்கும் டாலருக்கும் நடக்கற சண்ட, ரேட்டு 1 சொச்சம்னு காட்டும், ரூபாய் இதுல ஆளே இல்ல, கடைசில கணக்க தீக்கறது மட்டும் ரூபாய்ல. ரூபாய் ஜோடி எல்லாம் சாயங்காலம் 5 மணிக்கு கடைய சாத்திடும், இது 7:30 வரைக்கும் ஓடும். 5 மணிக்கு மேல ஒரு யூரோ ஃப்யூச்சர் ஓடிட்டு இருந்தா அது நீங்க தேடறது இல்லன்னு புரிஞ்சுக்கங்க.

மார்க்கு போடணும்னா, ஆப்போட அக்கவுண்ட் ஓப்பனிங்குக்கு 5க்கு 5, ஆர்டர் போற வேகத்துக்கு 4, காண்ட்ராக்ட் நோட்டு மெயில்ல கரெக்டா வருது, அதுக்கும் கொற சொல்ல மாட்டேன். சிம்பல் தேடலுக்கு 5க்கு ஒண்ணரை, அந்த அரையும் டாலர்னு தேடுனப்போ சிரிக்க வெச்சதுக்கு. மாஸ்டர் ஃபைலுக்கு 5. இத்தன நல்ல ஃபைல கையில வெச்சிட்டு, அதுல இருக்கற எக்ஸ்பைரி காலத்த சர்ச் லிஸ்ட்டுல ஒரு ஓரமா காட்டறதுக்கு என்ன கேடுன்னு தான் எனக்கு இன்னமும் புரியல. ஆப்ப மாத்தல, மாத்துனா மறுபடி டிக்லரேஷன், மறுபடி கையெழுத்து, அதுக்கு மொதலாளிய புடிக்கறதே பெரும்பாடு.

இப்ப நான் பண்றது இதான். மாசப் பொறப்புல ஃபைல எறக்கி, அடுத்த மூணு மாச யூஎஸ்டிஐஎன்ஆர் சிம்பலையும் எக்ஸ்பைரி தேதியையும் எழுதி, வாட்ச்லிஸ்ட்டுல அந்த மூண மட்டும் வெச்சிட்டு, பிசிடி எல்லாத்தையும் தூக்கிடறேன். பில்லு போடறப்பவே இன்வாய்ஸ் ரிஜிஸ்டர்ல பையர் பேருக்கு பக்கத்துல எந்த சிம்பல வித்தோம்னு ஒரு காலம் சேத்துட்டேன். புதுசா வந்த அக்கவுண்ட்ஸ் பொண்ணு அத பாத்துட்டு "அண்ணா, இது என்ன பார்சல் நம்பரா?"ன்னு கேக்குது.

ஜெர்மனி பையர் ஒருத்தர் அடுத்த சீசனுக்கு யூரோல பில் போட சொல்றாரு. ஈயூஆர்ஐஎன்ஆர் மூணாவது மாசம் தொறந்து பாத்தேன், வாங்கறதுக்கும் ஆள் இல்ல விக்கறதுக்கும் ஆள் இல்ல, காலியா கெடக்கு. அதுக்கு மறுபடி பேங்க் ஃபார்வர்டுக்கே போறதா, இல்ல கிட்ட மாசத்த வித்துட்டு மாசாமாசம் தள்ளிட்டே போறதான்னு யோசிச்சிட்டு இருக்கோம். யாராச்சும் பண்ணியிருந்தா சொல்லுங்க.